ராக்கெட்டின் சிவப்புக் கேன்

கல்குவாரியில் அவனை எல்லோரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் கொட்டாவி. கொட்டாவியும் அங்கே லாரி ஓட்டுகிறவன்தான். பேச ஆரம்பித்தால் பாதியில் வாயைப் பிளந்து, மீதியை மறந்துவிடுவான். அந்த மனிதன் சுறுசுறுப்பாகச் செய்த ஒரே காரியம் இந்தப் பெயரை வைத்ததுதான். அதற்கும் காரணம் ராக்கெட்டின் வாய். தன் லாரி ஓடுகிறது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. "பறக்குது" என்றுதான் சொல்வான்.

குவாரி என்பது ஒரு பெரிய குழி. அடியில் பாறையை உடைத்து லாரியில் ஏற்றுவார்கள். மேலே, குழியின் விளிம்பில், கல் அரைக்கும் மெஷின் இருக்கிறது. அடியிலிருந்து மேலே போக இரண்டு வழி. ஒன்று மேடு. குழியின் சுவரை ஒட்டி, ஒரே ஒரு வளைவோடு, முரட்டுத்தனமாக ஏறும். இன்னொன்று சுற்றுவழி. குழியைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து, தூசியைத் தின்றுகொண்டு போக வேண்டும். மேட்டில் ஏறுகிறவன் தன் லோடுகளை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டுக் கை கால் கழுவிக்கொள்வான். சுற்றுவழிக்காரன் வீடு போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். விடுமுறை நாளில் தகப்பனைப் பார்த்து "யாரும்மா இது?" என்று கேட்கிற பிள்ளைகள் சுற்றுவழி வீடுகளில்தான் உண்டு.

யார் மேடு, யார் சுற்றுவழி என்று முடிவு செய்கிறவர் சூப்பர்வைசர். அவருடைய சட்டம் ஒரே வரி: மேட்டில் நின்ற வண்டி மறுநாள் முதல் சுற்றுவழி. ஒரு வண்டி நடு மேட்டில் நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்கும். அதனால் அந்தச் சட்டத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

ராக்கெட் நெடுங்காலம் சுற்றுவழியில் கிடந்தவன். அவனை மேட்டுக்குக் கொண்டுவந்தது அவன் மனைவியின் தம்பி, மெக்கானிக்.

குவாரி லாரிகள் எல்லாம் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய பெட்ரோல் வண்டிகள். டீசல் வாடையே அறியாதவை. சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. குழிக்குள்ளேயே ஓடி, குழிக்குள்ளேயே சாக வேண்டியவை. அப்படி ஒரு கிழட்டு எஞ்சினைத்தான் மெக்கானிக் தன் கொட்டகையில் கழற்றிப் போட்டு, புது மனிதனாக்கினான். சிலிண்டர் ஹெட்டை இழைத்து உயரத்தைக் குறைத்தான். உச்சி தூக்கிய பிஸ்டன் போட்டான். உள்ளே போகிற காற்றும் பெட்ரோலும் முன்பைவிட இறுக்கமாக அழுந்தி, முன்பைவிட வேகமாக உதைக்கும்படி செய்தான். செய்து முடித்து மாமாவிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னான்.

"மாமா, இனிமே இதுக்கு பங்குல சிவப்புக் குழாய்ல வர்ற பெட்ரோல்தான். பச்சை ஆகாது."

"ஏன்டா மாப்ள, பச்சை என்ன பாவம் பண்ணிச்சு?"

"சிவப்புல ஆக்டேன் ஜாஸ்தி மாமா."

"ஆக்டேன்னா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தான். பக்கத்தில் அக்காவும் நின்றிருந்தாள். "பலம்னு எல்லாரும் நெனச்சுக்கிறாங்க. பலம் இல்ல. பொறுமை. பெட்ரோலை உள்ள போட்டு அழுத்துறோம். பிளக் நெருப்பு வைக்கிற வரைக்கும் அது கம்முனு இருக்கணும். ரொம்ப அழுத்தினா பச்சை பொறுக்காது, நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி தானாவே வெடிக்கும். சிவப்பு தாங்கும்."

"அப்ப உன் மாமா பச்சை," என்றாள் அக்கா.

"சாதா எஞ்சின்ல சிவப்பை ஊத்தினா என்னடா ஆகும்?" என்று ராக்கெட் கேட்டான்.

"ஒண்ணும் ஆகாது. வம்புதும்புக்கே போகாத ஆளுக்குப் பொறுமை எதுக்கு மாமா?"

ராக்கெட் இவ்வளவையும் கேட்டான். கேட்டு, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான். சிவப்பு என்றால் பறக்கும். முடிந்தது.

உண்மையில் பறக்கத்தான் செய்தது. முதல் நாளே முழு லோடோடு மேட்டில் ஏறி, சூப்பர்வைசர் வாயில் இருந்த பேனாவைக் கீழே போட வைத்தான். அதற்குப் பிறகு அவனைத் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டருக்குச் சிவப்பு ஊற்றச் சொன்னான். புல் வெட்டும் மெஷினுக்குச் சிவப்பு ஊற்றினான். கையில் படிந்த கிரீஸைச் சிவப்பில் கழுவிவிட்டு, "தோல் எப்படி மின்னுது பாரு" என்றான். தன் கேன்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தான். காலையில் குவாரி வேன் கேன்களைக் கொண்டுவந்து இறக்கியதும், மூடியைத் திறந்து மூக்கை வைத்து இழுத்து, "ம்ம்ம்! இதுதான்யா பெட்ரோல்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவான்.

அந்தக் கேன்களை நிரப்பி அனுப்புகிறவள் அவன் மனைவி. சாலையோரப் பெட்ரோல் பங்கில் அவளுக்கு வேலை. பெட்ரோல் அக்கா என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நாலு வண்டிக்காரர்களோடு ஒரே நேரத்தில் சண்டை போட்டபடி மீட்டரையும் பார்க்கக்கூடியவள். அவளுக்குக் கொடுத்திருந்தது பச்சைக் குழாய்; கணவனின் கேன்களை மட்டும் பக்கத்துச் சிவப்புக் குழாயில் நிரப்பி அனுப்புவாள்.

ஒரு நாள் ராக்கெட் பங்குக்கு வந்து, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி பிரசங்கம் செய்தான்.

"பச்சையையா போடறீங்க? அது பாத்திரம் கழுவின தண்ணி சார். அதுல என்ன இருக்கு? என் வண்டியில ஒரு சொட்டுப் பச்சை கலந்தாக்கூட என் கால் சொல்லிடும். மிதிக்கும்போதே தெரியும்."

"உங்க காலுக்கா?" என்றாள் அவள், குழாயைக் கையில் பிடித்தபடியே.

"என் காலுக்குத்தான்."

"சொட்டுப் போதுமா?"

"சொட்டே போதும்."

வரிசையில் நின்ற ஓர் ஆள், பச்சைக் குழாயை விட்டுவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளைச் சிவப்புப் பக்கம் உருட்டிக்கொண்டு போனான். கணவன் போன பிறகு சிவப்புக் கேன்கள் இரண்டையும் தன் குழாயடிக்கு இழுத்துவந்து, தளும்பத் தளும்பப் பச்சையை நிரப்பி, மூடியை இறுக்கினாள். ஒரு நாள் விளையாட்டு. மறுநாள் முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

அன்று மாலை ராக்கெட் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தான். "இன்னைக்கு வந்த பெட்ரோல் இருக்கே... புது லாரியில வந்ததா? தனி ரகம்! மிதிச்சா சீட்டு முதுகைத் தள்ளுது."

அவள் தட்டைக் கழுவுகிற சாக்கில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இப்பேர்ப்பட்ட சந்தோஷத்தை ஒரே நாளில் முடித்துக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை. விலையில் மிஞ்சியதில் வீட்டுக்கு ஒரு மேசை விசிறி வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ராக்கெட் கேட்கவில்லை. காற்று வரும்போது யாரும் விசாரணை செய்வதில்லை.

அவளுக்கு இதில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. தம்பி சொன்ன பொறுமைக் கதை மெக்கானிக்குகள் சொல்லும் வழக்கமான அளப்பு என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது நிரூபணமே ஆகிவிட்டது. பெட்ரோல் பெட்ரோல்தான். குழாயின் நிறம் வேறு, அவ்வளவுதான்.

ஆனால் எஞ்சினுக்கு விளையாட்டுத் தெரியாது.

விடுமுறை நாளில் மெக்கானிக் வண்டியைப் பார்க்க வந்தான். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். மேட்டில் மிதித்தபோது எஞ்சினுக்குள்ளிருந்து, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினமாதிரி சத்தம் வந்தது. நாக்கிங். பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கிற சத்தம். அப்படியே விட்டால் ஒரு நாள் பிஸ்டனில் ஓட்டை விழும்.

வண்டியை நிறுத்தி, சிவப்புக் கேனைப் பார்த்தான். பெட்ரோலைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. நிரப்பி அனுப்புவது சொந்த அக்கா. அப்படியென்றால் தப்பு எங்கே? தன் கையில்தான். ஹெட்டை ஒரு மயிரிழை அதிகமாக இழைத்துவிட்டோம் என்று முடிவு செய்தான். ஊரெல்லாம் மாமா இந்த எஞ்சினைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய், "மாமா, சொதப்பிட்டேன்" என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி, அதைச் சற்றுத் திருப்பினான். பிளக் நெருப்பு வைக்கிற நேரத்தைத்தான் டைமிங் என்பார்கள். அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினான். நெருப்பு தாமதமானால் அழுத்தம் குறையும், நாக்கிங் அடங்கும். உதையும் குறையும். அடுத்த முறை வந்தபோது இன்னும் லேசாகச் சத்தம் இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினான். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம்.

"எப்படி மாமா ஓடுது?"

"பறக்குது மாப்ள!"

மெக்கானிக்குக் குழப்பமாக இருந்தது. இருந்தாலும் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பறக்கவில்லை என்பது ராக்கெட்டுக்குத் தெரியும். மேட்டில் வண்டி, மாமியார் வீட்டுக்கு விருப்பமில்லாமல் போகிறவன் மாதிரி, ஓரடிக்கு ஒரு தடவை யோசித்தது. எஞ்சின் கொதித்தது. ஆனால் இத்தனை பேரிடம் இத்தனை பேசிவிட்டு, இப்போது முனகுது என்று சொன்னால் கொட்டாவி சும்மா விடுவானா? ராக்கெட் ஒரு வழி கண்டுபிடித்தான். மேட்டில் அந்த ஒற்றை வளைவு இருக்கிறதே, அது மேலிருந்தும் தெரியாது, கீழிருந்தும் தெரியாது. வளைவுக்கு முன்னால் கொஞ்சம் தட்டையான இடம் உண்டு. அங்கே ஓரம் கட்டி, பின்கதவைத் தளர்த்தி, கொஞ்சம் கல்லைக் கீழே உருட்டிவிட்டு, மீதியோடு கம்பீரமாக ஏறினான். கூலி லோடுக்குத்தான், எடைக்கு இல்லை. மேலே எடை போடுகிறவரும் யாரும் இல்லை.

வாரங்கள் போகப் போக வளைவில் ஒரு குவியல் வளர்ந்தது. பாறை சரிந்திருக்கும் என்று போகிறவர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் சூப்பர்வைசர் மேட்டில் நடந்து இறங்கியவர், ஷூவுக்குள் போன பொடிக்கல்லை எடுக்க அந்தக் குவியல்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார். குழியின் அடியில் மட்டுமே வெட்டுகிற கருங்கல் இங்கே எப்படி ஏறி வந்தது? ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக ஓட்டுநர்கள் டீ குடிக்கும் கொட்டகைக்குப் போனார். யாரையும் திட்டவில்லை.

"ராக்கெட்டு, உன் வண்டி ரொம்ப நல்லா ஏறுதாமே?"

"பறக்குது சார்."

"அப்படியா? திங்கட்கிழமை முதல் லோடு நான் உன் பக்கத்துல உக்காந்து வரேன். ஃபுல் லோடு. எனக்கும் பறக்கணும்னு ஆசையா இருக்கு."

"வாங்க சார், தாராளமா..." ராக்கெட்டின் குரல் பாதியில் இளைத்தது.

"நின்னுச்சுன்னா சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கொட்டாவி நீளமாக வாயைப் பிளந்து, மூடி, "சுற்றுவழியில தூசிதான் கொஞ்சம்..." என்று சொல்லிவிட்டு மீதியை மறந்துவிட்டான்.

அன்று வீட்டில் ராக்கெட் விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தான். சின்ன மகள் அவன் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிரை ஓட்டினாள். அவன் நகராத குதிரையாக இருந்தான். மேட்டுக்கு மாறியதிலிருந்துதான் அவள் அவன் முதுகில் ஏறப் பழகியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அதான் பறக்குதே, பயம் எதுக்கு?"

"பயம் யாருக்கு? சூப்பர்வைசர் கொஞ்சம் கனமான ஆளு. அதான் யோசிக்கிறேன்."

அவளுக்கு முதல் முறையாக உள்ளே எதுவோ நெருடியது. பெட்ரோல் பெட்ரோல்தான், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பேய் கிடையாது என்று அடித்துப் பேசுகிறவர்களும் இருட்டில் தனியாகப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போவதில்லையா? திங்கட்கிழமை காலை சிவப்புக் கேன்களைச் சிவப்புக் குழாயடிக்கே தூக்கிக்கொண்டு போய், அந்தக் குழாய்க்காரன் விநோதமாகப் பார்க்கப் பார்க்க, நிஜமான சிவப்பை நிரப்பினாள். பிறகு கேன் மூடி ஒழுகுகிறது, கூடவே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, குவாரி வேனில் தானும் ஏறிக்கொண்டாள்.

மெக்கானிக் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தான். முழு லோடு என்றால் நாக்கிங் பலமாக அடிக்குமே, பிஸ்டன் இன்றோடு போகுமே என்ற பயத்தில், யாரும் பார்க்காதபோது பானெட்டைத் தூக்கி, டைமிங்கை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தான்.

இப்படியாக, அந்த எஞ்சினுக்கு மாதக்கணக்கில் கிடைக்காத நல்ல பெட்ரோல் கிடைத்த நாளில், அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெம்பே இல்லாமல் கட்டிப்போட்டு அனுப்பினார்கள்.

லாரி கிளம்பியது. சூப்பர்வைசர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவு வந்தபோது ராக்கெட்டின் கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடியது.

"இங்க எதுக்குய்யா மெதுவாப் போற?" என்றார் சூப்பர்வைசர், குவியலைப் பார்த்தபடி.

"பழக்கம் சார்."

வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம். எஞ்சின் இழுத்தது, இருமியது, இழுத்தது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. லாரி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

ராக்கெட் கைப்பிரேக்கை இழுத்தான். பின்னால் வந்த கொட்டாவி இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல்லை முட்டுக் கொடுத்தான். அவன் அவ்வளவு வேகமாக நடந்ததை யாரும் பார்த்ததில்லை. நல்ல வேடிக்கை கிடைக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"என்னய்யா, பெட்ரோல் தீந்துச்சா, பேச்சு தீந்துச்சா?" சூப்பர்வைசர் இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எதிர்க்காத்து சார்."

"குழிக்குள்ள ஏதுய்யா எதிர்க்காத்து?"

"நான் கொட்டாவி விட்டேன் சார். அதுவா இருக்கும்," என்றான் கொட்டாவி.

கீழேயிருந்து அக்காவும் தம்பியும் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். அக்காவுக்கு நிற்கிற லாரியைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்து, லாரியைப் பார்த்தே கத்தினாள்.

"இது எப்படிங்க நிக்கும்? இன்னைக்குன்னு பாத்துத்தானே நிஜமான சிவப்பை ஊத்தி அனுப்பினேன்!"

"இன்னைக்குன்னு பாத்தா?" என்றான் ராக்கெட்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்?

"அக்கா," என்றான் மெக்கானிக் மெதுவாக. "இன்னைக்கு சிவப்புன்னா, அப்ப நேத்து?"

"...பச்சை."

"முந்தாநாளு?"

"பச்சைதான்டா. பாத்திரம் கழுவின தண்ணின்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாரில்ல? அன்னையிலேருந்து பச்சைதான். கால் சொல்லிடும்னாரு. காலும் சொல்லல, தலையும் சொல்லல."

ராக்கெட் தன் காலையே குனிந்து பார்த்தான். ஆனால் அவனுக்கு முன்னால் மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானோ என்று கொட்டாவிகூடக் கிட்டே வந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் ஹெட்டை அதிகமா இழைக்கலை! அக்கா, நான் சரியாத்தான் இழைச்சிருக்கேன்! பாவி, எத்தனை நாள் தூக்கம் போச்சு தெரியுமா? நாக்கிங் அடிக்குது, நாக்கிங் அடிக்குதுன்னு டைமிங்கைப் பின்னாடி தள்ளி, தள்ளி, தள்ளி..."

"எதைடா தள்ளினே?" என்றான் ராக்கெட்.

"டைமிங்கை மாமா."

"யாரு வண்டியில?"

"உங்க வண்டியிலதான்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டேனே மாமா, எப்படி ஓடுதுன்னு. பறக்குதுன்னு சொன்னீங்க."

"பறக்குதுன்னா நீ நம்பிடுவியா? நான்தான் இழுக்காம செத்துக்கிட்டு..." ராக்கெட் சட்டென்று வாயை மூடினான்.

"செத்துக்கிட்டு?" சூப்பர்வைசர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சொல்லுய்யா. இழுக்காத வண்டி எப்படித் தினம் மேல வந்துச்சு? அந்த வளைவுல இருக்கற கல்லு தானா முளைச்சுதா?"

இப்போது அவன் மனைவியின் முறை. "என்ன கல்லு?"

கொட்டாவி வளைவின் பக்கம் கையை நீட்டி, வீட்டு உயரத்துக்கு ஒரு குவியலைக் காற்றில் வரைந்து காட்டினான்.

"அடப்பாவி மனுஷா!"

"அவ பெட்ரோலைத் தள்ளியிருக்கா," என்றார் சூப்பர்வைசர். "இவன் டைமிங்கைத் தள்ளியிருக்கான். நீ கல்லைத் தள்ளியிருக்கே. ஒரே குடும்பத்துல இருந்துக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் தெரியாம இவ்வளவு வேலை பாக்க எப்படிய்யா நேரம் கிடைக்குது?"

குழியின் மறுபக்கம், சுற்றுவழியில், ஒரு லாரி தூசியை இழுத்துக்கொண்டு எறும்பு மாதிரி ஊர்ந்து போவதை ராக்கெட் பார்த்தான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"சார், சட்டம் நின்ன வண்டிக்குத்தானே? இது நின்ன வண்டி இல்ல சார். நாங்க மூணு பேரும் சேர்ந்து நிறுத்தின வண்டி." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், ஒரே பேச்சா சொல்லு. சிவப்பு ஊத்தினா ஏறுமா, ஏறாதா?"

"டைமிங் பின்னாடி கிடந்தா பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான்க்கா. பெட்ரோல் பாட்டுக்கு ஒண்ணும் செய்யாது. டைமிங்கை முன்னாடி கொண்டுவந்தாத்தான் எஞ்சின் முழுசா உதைக்கும். அந்த உதையைப் பச்சை தாங்காது, சிவப்பு தாங்கும். அதுக்குத்தான் சிவப்பு." பானெட்டை நிமிர்ந்து பார்த்தான். "இப்ப டாங்கில இருக்கறது நிஜமாவே சிவப்புதானே?"

"என் மக மேல சத்தியம்டா."

சூப்பர்வைசர் யோசித்தார். பிறகு லாரியின் பின்னால் போய், லோடு முழுதாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நடு மேட்டுல நின்ன வண்டி, அதே லோடோட அங்கேயிருந்தே கிளம்பி மேல போனதை நான் பாத்ததில்ல. போச்சுன்னா நின்னதை நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். போகலைன்னா நாளையிலேருந்து சுற்றுவழி. அப்புறம் என்கிட்ட யாரும் அழக்கூடாது."

"நீங்க உக்காருங்க சார்," என்றான் ராக்கெட்.

"நான் பிள்ளைகுட்டிக்காரன்யா. நடந்தே வரேன்."

அவர் இடத்தில் மனைவி ஏறி உட்கார்ந்தாள். ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினார்கள். கொட்டாவி தன் வண்டியைப் பின்னால் இறக்கி ஓரமாக ஒதுக்கிக் கொடுத்தான். எஞ்சினை ஓடவிட்டு, மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டான். டிஸ்ட்ரிபியூட்டரைப் பால் குடிக்கிற குழந்தையின் தலையைத் திருப்புகிறமாதிரி மெல்லத் திருப்பினான். எஞ்சினின் குரல் மாறியது. முனகல் போய் உறுமல் வந்தது. "மிதிங்க மாமா... விடுங்க... மிதிங்க." ஆணி குலுங்குகிற சத்தம் லேசாக எட்டிப் பார்த்த இடத்தில் நிறுத்தி, ஒரு மயிரிழை பின்வாங்கி, நட்டை இறுக்கினான். பிறகு பானெட்டை மூடிவிட்டு, ஓட்டுநர் பக்கப் படிமேல் தொற்றிக்கொண்டான்.

ராக்கெட் கிளட்ச்சை விட்டான். பின்சக்கரம் முட்டுக்கல்லை விட்டு ஓரங்குலம் நகர்ந்து, அங்கேயே நடுங்கியது. லாரி முழுவதும் நடுங்கியது. மனைவி டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ராக்கெட் தலையைச் சாய்த்து எஞ்சின் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். மிதியை அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். சக்கரம் இன்னோர் அங்குலம் போனது. பிறகு ஓரடி. பிறகு லாரி, எதையோ தீர்மானித்துக்கொண்டமாதிரி, உறுமிக்கொண்டு ஏற ஆரம்பித்தது.

"நாக்கிங் இல்ல மாமா! ஒரு சத்தம் இல்ல!" என்று மெக்கானிக் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்தினான்.

"எறங்கித் தொலைடா, உன் கனம் வேற!"

"இப்ப எறங்கினா செத்துருவேன் மாமா!"

உச்சியில் கல்லைக் கொட்டியபோது எழுந்த தூசிக்குள்ளிருந்து, சூப்பர்வைசர் தும்மிக்கொண்டே வந்தார். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"மேடு உனக்குத்தான். ஆனா இனிமே அரை லோடு கிடையாது. தினம் ஃபுல். வளைவுல கிடக்கறதையும் நீயே அள்ளிப் போட்டு மேல கொண்டாந்து சேர்க்கணும், அதுக்குக் கூலி கிடையாது. அப்புறம், யார் எதைத் தள்ளறதா இருந்தாலும் வீட்டுல உக்காந்து பேசிட்டுத் தள்ளுங்கய்யா."

அதற்குள் கொட்டாவியும் மேலே வந்து சேர்ந்து, அக்காவிடம் ரகசியமாக, தன் கேனிலும் நாளை முதல் சிவப்பையே ஊற்றச் சொன்னான்.

"உங்க எஞ்சின் யாரும் கை வைக்காத எஞ்சின்ணே. அதுக்குப் பச்சையே போதும். வீண் செலவு."

அவன் நம்பவில்லை. சிவப்பையெல்லாம் புருஷனுக்கே ஒளித்துவைக்கப் பார்க்கிறாள் என்ற பார்வையோடு போனான்.

அடுத்த லோடுக்காக லாரி காலியாகச் சுற்றுவழியில் இறங்கியது. இறங்குகிற வண்டிகளுக்கு அதுதான் வழி. மனைவியைக் கீழே வேனில் விட வேண்டும். மெக்கானிக் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச தூரம் வரை ராக்கெட் சந்தோஷமாகத்தான் இருந்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு யோசனை வந்தது.

"ஏம்மா."

"ம்."

"வீட்டுல வேற எதையாவது இப்படி மாத்தி வெச்சிருக்கியா?"

"ரோட்டைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் தலைவலிக்குப் போடறேனே, அந்த மாத்திரை?"

"வளைவு வருது, பிரேக்கு."

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்? காப்பித்தூளு? அந்த விலை ஜாஸ்தி காப்பித்தூளு, ஸ்பெஷலா வாங்கினோமே..."

அவள் ஜன்னல் வழியாகக் குழியின் அழகை ரசித்தாள்.

"மாப்ள, நீயாவது சொல்லுடா."

"எனக்கு எஞ்சின் மட்டும்தான் மாமா தெரியும்."

"காப்பித்தூளை மாத்தினியா, மாத்தலையா?"

அவள் திரும்பி, மிகவும் பிரியமாக அவனைப் பார்த்தாள்.

"நேத்துக்கூட என்ன சொன்னீங்க? இந்த மாதிரி காப்பி வாழ்க்கையில குடிச்சதில்லைன்னு சொன்னீங்கல்ல? அப்புறம் என்ன?"